பொன்வண்டு

விளக்கு வைத்தபின் திண்ணையில் அமர்ந்து பாட்டிமார் கூறும் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர் நம்முள் பலர். அக்கதைகளில் வரும் அரசரையும் அரக்கரையும் காட்டிலும் இளஞ்சிறார் நெஞ்சைக் கவர்வன வேறு சில உண்டு. உள்ளங்கையில் அடங்கும் சித்திரக்குள்ளன், அழைத்தவுடன் வந்து நிற்கும் குறளி, நாளொன்றுக்கு ஒரு பொன்முட்டையிடும் வாத்து முதலியன அவை. இத்தகைய விந்தை உயிர்கள் பெரும்பாலும் ஏழைச் சிறுவன் ஒருவனிடமே வந்து சேரும். அவனுக்கு மட்டுமே தம்மைக் காட்டும். அவன் குறையைத் தீர்க்கும். அவன் சொன்ன சொல்லைத் தவறினாலோ, ஒருநாள் கூறாமல் மறைந்துவிடும். பெரியோர் நடுவே தன் சொல் எடுபடாது வாழும் பிள்ளைக்குத் தன்னினும் சிறியதும், தன் பேச்சைக் கேட்பதும், ஆயினும் தன்னினும் ஆற்றல் மிக்கதும் ஆகிய ஒரு தோழமை வேண்டியிருக்கிறது. அவ்வேட்கையே இக்கதைகளுக்கு வித்து என்று யான் எண்ணுகின்றேன்.

மாணவர்களே! எங்கள் ஊரில் பிறந்த பிள்ளைகள் அத்தோழனைக் கதையில் மட்டும் தேடவேண்டிய நிலையில் இருந்ததில்லை. மழை பெய்து மண் குளிர்ந்தவுடன் அவன் நிலத்தினின்றும் எழுந்து வேலமரத்தில் வந்து அமர்வான். அவன் பெயர் பொன்வண்டு.

விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் காணையைக் கடந்து மேற்கே சென்றால் வருவது கெடார். யான் சிறுவனாய் இருந்த நாளில் அது தென்னார்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. 1993ஆம் ஆண்டில் விழுப்புரம் தனி மாவட்டமாயிற்று. மானாவாரி நிலம் மிகுந்த பகுதி அது. ஆடியில் மழை கண்டால் மணிலா விதைப்பர். நிலக்கடலையைத்தான் எங்கள் பக்கத்தார் மணிலா என்பர். பேச்சில் அது மல்லாட்டை எனத் திரிந்து வழங்கும். கொல்லைகளைச் சுற்றிலும் வேலமும் கொடுக்காப்புளியும் அடர்ந்த உயிர்வேலிகள் அந்நாளில் இருந்தன. ஆவணி, புரட்டாசி மாதங்களில் ஒரு மழை பெய்து வெயில் எறித்த காலையில், பள்ளிக்குப் புறப்பட்ட பிள்ளைகள் பள்ளிக்குச் செல்லாமல் அவ்வேலிகளின் ஓரமாக அண்ணாந்து பார்த்தபடி நடப்பர். ஆசிரியர் அடிப்பார் என்பது அவர்களுக்குத் தெரியும். அதனினும் பெரிய செல்வம் இலைமறைவில் இருப்பதும் தெரியும்.

பொன்வண்டைக் காணாத மாணவர் இக்காலத்தில் பலர் இருப்பர் ஆதலின் அதன் வடிவைச் சிறிது கூறுகின்றேன். கட்டைவிரலின் மேற்கணு அளவினதாய், நீண்டு உருண்ட உடல் உடையது அது. முதுகை மூடியிருக்கும் மேற்சிறகுகள் இரண்டும் ஓடுபோல் வன்மையானவை. பறத்தற்குரிய மென்சிறகுகள் அவற்றின் அடியில் மடிந்து கிடக்கும். தலையும் கழுத்தும் ஊசியாற் குத்திக் குத்தி வேலை செய்த நகைபோலச் சிறு குழிகள் நிறைந்து மின்னும். பச்சை என்று பார்த்த கண் சற்றே சாய்ந்து பார்த்தால் பொன் என்னும்; மேலும் சாய்ந்தால் நீலம் என்னும். முதுகு செம்பழுப்பாய் இருக்கும் வகையும் உண்டு. கையில் எடுத்தால் ஆறு கால்களாலும் விரலை இறுகப் பற்றிக்கொள்ளும். கழுத்தை மேலும் கீழுமாக அசைத்து மெல்லிய ஓசை ஒன்றை எழுப்பும். அவ்வோசையைத்தான் அதன் பேச்சு என்று நாங்கள் நம்பினோம்.

பெயரைப்பற்றியும் ஒரு சொல். தமிழில் பொன் என்பது தங்கத்தை மட்டும் குறிப்பதன்று. இரும்பைக் கரும்பொன் என்றும், வெள்ளியை வெண்பொன் என்றும், உலோகம் ஐந்தையும் சேர்த்து ஐம்பொன் என்றும் வழங்கினர் நம் முன்னோர். ஆதலின் பொன்வண்டு என்பதற்கு உலோகம்போல் ஒளிரும் வண்டு என்பதே பொருந்திய பொருள். இவ்வளவு இலக்கணம் ஒன்பது வயதில் எனக்குத் தெரிந்திருந்தால் பின்னே யான் கூறப்போகும் நிகழ்ச்சி நடந்திராது!

பொன்வண்டைப் பிடித்த பிள்ளைகள் அதனைத் தீப்பெட்டியில் இட்டு வளர்ப்பர். பெட்டிக்குள் பஞ்சு பரப்பிக் கொடுக்காப்புளி இலையையோ வேல இலையையோ கிள்ளிப் போடுவர். காற்றுக்காக முள்ளால் இரண்டு துளை இடுவர். சிலர் அதன் கழுத்தில் நூல் கட்டிப் பறக்க விடுவர். அது வட்டமிட்டுப் பறந்து களைத்து வீழும். அதனைக் கண்டு கைகொட்டியவருள் யானும் ஒருவன் என்பதை ஈண்டு மறைப்பதற்கில்லை. பெட்டிக்குள் வண்டு முட்டையிடும். அம்முட்டை சில நாளில் பொன்னாகும் என்பது எங்களிடையே வழங்கிய நம்பிக்கை. அதனைப் பெரியவர் பார்த்தால் பொன்னாகாது. பெட்டியை மூன்று முறைக்குமேல் திறந்தாலும் பொன்னாகாது. இவ்விதிகளை வகுத்தவர் யாரோ அறியேன். கதையில் வரும் குறளிக்கும் இவ்வாறே விதிகள் உண்டு என்பதை நினைத்துப் பாருங்கள்.

அக்காலத்தில் எனக்கு ஒன்பது வயது. அவ்வாண்டு ஆடியில் விதைமணிலா வாங்குவதற்காக என் அன்னை தம் கம்மலை அடகு வைத்திருந்தார். விதைத்தபின் மழை பிந்தியது. பயிர் பாதி காய்ந்தது. கம்மல் இருந்த காதுத்துளையில் அன்னை வேப்பங்குச்சி ஒன்றைச் செருகிக்கொண்டார். துளை தூர்ந்துவிடாமல் இருக்க அவ்வாறு செய்வது ஊர்வழக்கம். யாரும் அதைப்பற்றி வீட்டில் பேசவில்லை. எனினும், உணவு பரிமாற அவர் குனியும்போதெல்லாம் அக்குச்சியே என் கண்ணில் பட்டது.

புரட்டாசி முதல் வாரத்தில் எனக்கு ஒரு பொன்வண்டு கிடைத்தது. அதனை நூலிற் கட்டவில்லை, தோழர்க்குக் காட்டவுமில்லை. வைக்கோற்போரின் பின்னே அமர்ந்து பெட்டியைச் சிறிதளவே திறந்து, “எனக்கு வேறொன்றும் வேண்டா, இரண்டு முட்டை மட்டும் இடு, காதுக்கு ஒன்றாக” என்று அதனிடம் கூறினேன். அது கழுத்தை அசைத்து ஓசையெழுப்பியது. ஒப்புக்கொண்டது என்று மகிழ்ந்தேன். இரவில் பெட்டியைத் தலைமாட்டில் வைத்து உறங்கினேன். உள்ளே அதன் கால்கள் அட்டையைக் கீறும் ஒலி கேட்கும். அவ்வொலி எனக்குத் தாலாட்டாக இருந்தது. அது வெளியே வர வழிதேடும் ஒலி என்று அப்போது தோன்றவில்லை.

நான்காம் நாள் பஞ்சின்மேல் முட்டை ஒன்று கிடந்தது. அரிசிமணி போன்றது, மங்கலான நிறம் உடையது. மூன்று நாள் பொறுத்தேன். நிறம் மாறவில்லை. ஒருவேளை பொன்னாகியும் எனக்குத்தான் தெரியவில்லையோ என்று ஐயுற்று, நகை செய்யும் பத்தர் வீட்டுக்குப் பெட்டியோடு சென்றேன். அவர் ஊதுகுழலைக் கீழே வைத்துவிட்டு, நகை எடுக்கும் சிறுகுறட்டால் முட்டையை மெல்ல எடுத்து, விளக்கருகே பிடித்துப் பார்த்தார். அவர் சிரிக்கவில்லை.

“உரைத்துப் பாருங்கள், ஐயா” என்றேன்.

“உரைகல்லில் உரைத்தால் இது நசுங்கிவிடும், தம்பி. இது முட்டை. இதற்குள் ஒரு குஞ்சுவண்டு இருக்கும். இதைக் கொண்டுபோய் மண்ணில் வைத்துவிடு” என்றார். பின்னர், “யாருக்காகக் கேட்கிறாய்?” என்று வினவினார். யான் விடை கூறாமல் ஓடிவந்துவிட்டேன்.

வீட்டிற்கு வந்து பெட்டியை முழுவதும் திறந்தபோது வண்டு காலை மடித்துக் கிடந்தது. இலை காய்ந்து சுருண்டிருந்தது. உயிர் போய்விட்டது என்பதை ஒப்புக்கொள்ளவே எனக்கு நெடுநேரம் ஆயிற்று. ஏனெனில், அதன் ஒளி சிறிதும் குறையவில்லை. உயிரோடு இருந்தபோது எப்படி மின்னியதோ அப்படியே மின்னியது. இறந்தது உறங்குவதுபோல் தோன்றினால் எழுப்பிப் பார்க்கலாம் என்று தோன்றும் அன்றோ? அன்று மாலை வரையில் அதனை எழுப்பிக்கொண்டிருந்தேன்.

பத்தர் வாயிலாகச் செய்தி அன்னையின் செவிக்கு எட்டியிருக்கவேண்டும். அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. முதலில் சிரித்தார், பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குச் சென்றுவிட்டார். முட்டையை யான் வேலமரத்தின் அடியில் புதைத்தேன். அக்கம்மல் மீளவே இல்லை. சில ஆண்டுகள் கழித்து வேறொரு கம்மல் வாங்கினோம்.

இறந்தபின்னும் மங்காத அந்த ஒளி எதனால் உண்டாகிறது? இக்கேள்வி நெடுநாள் என் உள்ளத்தில் இருந்தது. பூவின் நிறத்திற்கும் இலையின் நிறத்திற்கும் அவற்றில் உள்ள சாயப்பொருள் காரணம். அது சிதைந்தால் நிறம் போய்விடும். பொன்வண்டின் ஒளியோ பெரிதும் சாயத்தால் ஆயதன்று. அதன் ஓட்டின் மேற்புறத்தில் கண்ணுக்குப் புலனாகாத மிக மெல்லிய அடுக்குகள் பல ஒன்றன்மேல் ஒன்றாய்ப் படிந்துள்ளன. கதிரவன் ஒளி அவ்வடுக்குகளிற் பட்டு மீளும்போது சில நிறங்கள் ஒன்றையொன்று வலுப்படுத்தி ஓங்குகின்றன; சில ஒன்றையொன்று அழித்து மறைகின்றன. சவர்க்காரக் குமிழியிலும், நீரில் மிதக்கும் எண்ணெய்ப் படலத்திலும் வானவில் தோன்றுவது இம்முறையாலேயே. பார்க்கும் கோணம் மாறினால் நிறமும் மாறும். அடுக்குகள் சிதையாதவரை ஒளியும் அழியாது.

அழியாமை கண்டே மாந்தர் அதனை விரும்பினர். சப்பான் நாட்டு நாரா நகரை அடுத்த ஓரியூசிப் பௌத்தப் பள்ளியில் 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சிறுகோயில் வடிவப் பேழை ஒன்று உள்ளது. பொன்வண்டினத்தைச் சேர்ந்த ஒருவகை வண்டின் சிறகுகளை உலோகப் பின்னலுக்கு அடியில் பதித்து அதனை அணிசெய்தனர். நம் நாட்டிலும் முகலாயர் காலத்தில் ஆடைகளில் இச்சிறகுகளை வைத்துத் தைத்தனர். 19ஆம் நூற்றாண்டில் சென்னை முதலிய நகரங்களில் மெல்லிய துணியில் வண்டுச் சிறகும் பொற்சரிகையும் சேர்த்துத் தைத்த ஆடைகள் ஐரோப்பிய மகளிர்க்காகச் செய்யப்பட்டன. 1888ஆம் ஆண்டு இலண்டனில் நடந்த மாக்பெத் நாடகத்தில் எல்லன் டெரி என்னும் புகழ்பெற்ற நடிகையார் ஏறத்தாழ ஆயிரம் வண்டுச் சிறகுகள் தைத்த பச்சை உடையணிந்து மேடையேறினார். அவ்வுடையோடு அவர் நிற்கும் கோலத்தைச் சார்சென்ட் என்னும் ஓவியர் 1889இல் தீட்டினார். உடை இன்றும் இங்கிலாந்தில் அவர் வாழ்ந்த இல்லத்தில் போற்றி வைக்கப்பட்டிருக்கிறது. ஆயிரம் சிறகு என்று படித்தபோது எனக்கு வியப்பைக் காட்டிலும் தீப்பெட்டியின் நினைவே முன்வந்தது.

இவ்வளவு மின்னும் உயிர் பறவைக்கு எளிதில் இரையாகாதோ என்று நீங்கள் கேட்கலாம். மின்னுவதே அதற்குப் பகை என்றுதான் யானும் எண்ணியிருந்தேன். இங்கிலாந்தின் பிரிசுடல் பல்கலைக்கழக ஆய்வாளர் இதனை ஆராய்ந்து 2020ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். பொன்வண்டின் மேற்சிறகுகளையும், அவ்வடிவிற் செய்து ஒரே நிறம் தீட்டிய போலிச் சிறகுகளையும் புழுவை இரையாக வைத்து இலைகளிற் பொருத்தினர். நிறம் மாறி மாறி ஒளிரும் உண்மைச் சிறகுகளே பறவைகளின் தாக்குதலுக்குப் பெரிதும் தப்பின. மனிதரைத் தேடச் சொன்னபோது அவர்களும் அவற்றைக் காணாமற் போயினர். ஒளி இடந்தோறும் மாறுவதால் வண்டின் வடிவம் இதுவென்று கண்ணுக்குப் பிடிபடுவதில்லை. நனைந்த இலைகளின் பளபளப்போடு அது கலந்துவிடுகிறது. கண்ணுக்கெதிரே இருந்து மறையும் குறளியின் மாயம் இதுவன்றி வேறு என்ன? வேலமரத்தடியில் கழுத்து நோக அண்ணாந்து நின்ற எங்களுக்கு, வண்டு அசையும்வரை அது தென்படாமல் இருந்ததன் காரணம் ஐம்பது ஆண்டு கழித்தே விளங்கிற்று.

அதன் வாழ்வும் கதைக்குரியதே. பெண்வண்டு முட்டையை மண்ணில் இடும். அதிலிருந்து வரும் புழு நிலத்தினுள்ளேயே இருந்து வேர்களைத் தின்று வளரும். நெடுங்காலம் இருளில் கிடந்து, கூட்டுப்புழுவாகி, மழையின் ஈரம் நிலத்தை இளக்கும் பருவத்தில் வண்டாய் வெளிப்படும். இச்சிறகுடைய வாழ்வு சில வாரங்களே. அச்சில வாரங்களுக்குள் அது துணை தேடவேண்டும், முட்டை இடவேண்டும். அவற்றுள் ஒரு வாரத்தை யான் தீப்பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன்.

பாரி முல்லைக்குத் தேர் ஈந்ததையும், பேகன் மயிலுக்குப் போர்வை அளித்ததையும் நீங்கள் கீழ்வகுப்பிலேயே படித்திருப்பீர்கள். பாரி மறைந்தபின் அவன் மகளிரைக் கபிலர் அழைத்து வந்தது எங்கள் ஊருக்கு அணித்தான திருக்கோவலூர்க்கே என்பது மரபு. தென்பெண்ணையாற்றில் கபிலர்குன்று என்று ஒன்றை இன்றும் காட்டுவர். இவ்வள்ளல்களின் செயலைக் கொடைமடம் என்றனர் ஆன்றோர். தோகை விரித்து ஆடும் மயில் குளிரால் நடுங்குகிறது என்று எண்ணிய பேகன், அதற்குப் போர்வை தேவைதானா என்று ஆராயவில்லை. அன்பு முந்திக்கொண்டது. வகுப்பில் இப்பகுதியை நடத்தும்போதெல்லாம் பஞ்சு பரப்பிய பெட்டியே என் நினைவில் எழும். மயிலுக்கு அப்போர்வையால் ஒரு தீங்கும் இல்லை, உதறிவிட்டுச் சென்றிருக்கும். என் வண்டுக்கு அவ்வாய்ப்பை யான் வைக்கவில்லை. பேகனோடு என்னை ஒப்பிடுவது தகாது என்று இவ்விடத்தில் பாடத்தை நிறுத்திவிடுவேன்.

ஆசிரியப் பணியில் இருந்தபோது பையன்களின் பைகளிலிருந்து பொன்வண்டுப் பெட்டிகளைப் பலமுறை கண்டெடுத்தது உண்டு. பறித்து எறிந்ததில்லை. “இது என்ன தின்னும்? எங்கே முட்டையிடும்?” என்று கேட்பேன். விடை தெரிந்தவன் அரிது. பிடித்த மரத்திலேயே விட்டுவிட்டு, அது என்ன செய்கிறது என்று பார்த்து வந்து பத்து வரி எழுதுமாறு கூறுவேன். இலக்கணக் கட்டுரையில் ஐந்து வரிக்கு அழுதவர்கள் அதற்கு இரண்டு பக்கம் எழுதினர். ஒருவன், வண்டு இலையை நடுவில் கடிக்காமல் விளிம்பிலிருந்து தின்பதைக் கண்டு எழுதியிருந்தான். மற்றொருவன் தன் வண்டு திரும்பி வராதது குறித்து மிகுந்த வருத்தத்தோடு எழுதி, இறுதியில், வேறொரு வண்டு வந்தது என்று முடித்திருந்தான்.

இப்போது கெடாரில் உயிர்வேலிகள் குறைந்துவிட்டன. கற்கால் நட்டுக் கம்பி கட்டிய வேலிகளே மிகுதி. ஒரு பருவம் முழுதும் தேடினால் இரண்டொரு பொன்வண்டு காண்பதே அரிதாகிவிட்டது. சென்ற ஆண்டு புரட்டாசியில் சென்னையிலிருந்து என் பேத்தி வந்திருந்தாள். எட்டு வயதுக் குழந்தை. கொல்லை மூலையில் எஞ்சி நிற்கும் வேலமரத்தில் அவளே அதனைக் கண்டாள். யான் காட்டவில்லை, என் கண்ணுக்கு அது தெரியவும் இல்லை. தாழ்ந்த கிளையில் கையை நீட்டினாள். வண்டு இலையை விட்டு அவள் விரலில் ஏறி, மணிக்கட்டு வரையில் நடந்து, கழுத்தை அசைத்தது. “தாத்தா, என்னமோ சொல்லுது!” என்றாள். “நீ என்ன சொன்னாய்?” என்றேன். “அது எங்களுக்குள்ளே” என்றாள்.

சட்டைப்பையில் தீப்பெட்டி இருந்தது. விளக்கேற்றக் கொண்டுவந்தது. அவள் பார்வை அதன்மேல் ஒருமுறை சென்று வந்ததை யான் கண்டேன். பெட்டியைப் பற்றி அவள் யாரிடம் கேட்டறிந்தாளோ! யான் ஒன்றும் கூறவில்லை. சிறிது நேரத்தில் வண்டு மேற்சிறகைத் தூக்கிற்று. உள்ளிருந்த மென்சிறகு விரிந்தது. விர்ரென்ற ஒலியோடு பனைகளின் பக்கமாய்ச் சென்று மறைந்தது. அவள் கை நீட்டியபடியே நின்றாள்.

“நாளைக்கு வருமா, தாத்தா?”

வரும் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. வராது என்று சொல்ல மனமில்லை. மறுநாள் காலை யான் எழுந்து கொல்லைப்பக்கம் சென்றபோது, பனியில் நனைந்த பாவாடையோடு அவள் வேலமரத்தடியில் அண்ணாந்து நின்றுகொண்டிருந்தாள்.